ஊழியம் மறுத்த வைகுண்டர்

ஆண்டுதோறும் மாசி மாதம் 20-ந் தேதி காலையில் நாகர்கோவில் வீதிகள் காவிக்கொடிகளால் நிறைந்துவிடுகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கூட்டமும் திருச்செந்தூரிலிருந்து ஒரு கூட்டமும் முன்னாளே வந்து சேர்ந்திருக்கும். நெற்றியில் வெண்ணாமமும் தலையில் பாகையுமாக ஆயிரமாயிரம் ஜனங்கள் சாமித்தோப்பை நோக்கி நடப்பர். தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடுவது அவர்கள் வழக்கம். இந்நாட்டில் தலையில் துணி சுற்றவும் தோளில் துண்டு போடவும் உரிமையற்றிருந்தவர்களின் பேரர்கள் இவர்கள் என்பதை நினைவிற் கொண்டால், அப்பாகையின் பொருள் எவருக்கும் விளங்கும்.

அந்த ஊர்வலத்துக்குக் காரணரான வைகுண்டரை அவதார புருஷர் என்று கொள்வோர் பலர். சமூகச் சீர்திருத்தக்காரர் என்று கொள்வோரும் உளர். அவ்விவாதத்தில் நாம் தலையிடப் போவதில்லை. அரசாங்கம் தன் வேலையைக் கூலி கொடாமல் வாங்கும் கொடுமைக்கு எதிராக ஓர் ஏழை எவ்விதம் நின்றார் என்பதே நாம் இங்கு கூற விரும்புவது. இந்தக் கதை பழையதுதான். ஆனால் இதில் அடங்கிய வழக்கு இன்னும் தீர்ப்பாகி முடியவில்லை.

1809-ம் ஆண்டு நாஞ்சில் நாட்டின் சரித்திரத்தில் மறக்கற்பாலதன்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் கும்பினிப் பட்டாளம் ஆரல்வாய்மொழி அரணை உடைத்துத் திருவிதாங்கூருக்குள் புகுந்தது. தலக்குளத்தில் பிறந்த திவான் வேலுத்தம்பி தம் நாட்டின் சுதந்திரத்துக்காகப் போராடி உயிர் துறந்தார். அதே ஆண்டில், நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, பின்னர் சாமித்தோப்பு எனப் பெயர் பெற்ற பூவண்டன்தோப்பில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் ஓர் ஆண் மகவு பிறந்தது. வேலுத்தம்பியை நாம் வீரரென்று போற்றுகிறோம், போற்றுவது முறையே. ஆனால் அவர் காக்க முயன்ற ராஜ்யத்தில் அந்தக் குழந்தையின் குலத்தார்க்கு என்ன நிலை இருந்தது என்பதையும் தேசபக்தர் மறைக்கலாகாது.

பெற்றோர் குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். தாழ்ந்த குலத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் சினந்தனர். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. சொந்தப் பிள்ளைக்குப் பெயரிடும் அதிகாரமும் இல்லாதவனுக்கு, சொந்த உடம்பின் உழைப்பின்மீது என்ன அதிகாரம் இருந்திருக்கக் கூடும்?

அக்காலத்தில் ஊழியம் என்ற சொல்லுக்கு இன்றுள்ள கௌரவமான பொருள் இல்லை. சர்க்காருக்கும் அரண்மனைக்கும் தேவஸ்தானத்துக்கும் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கே ஊழியம் என்று பெயர். அக்காலச் சர்க்கார் கணக்குகளில் சாணார் எனக் குறிக்கப்பட்டு இன்று நாடார் என வழங்கும் வகுப்பாரும், அவர்களினும் தாழ்த்தப்பட்டிருந்த ஏனைய வகுப்பாரும் இந்தச் சுமையைத் தாங்கினர். கணக்கெழுத ஓலை வேண்டுமா? பனையேறி வெட்டிக் கொடுக்கவேண்டும். உப்பளத்திலிருந்து பண்டகசாலைக்கு உப்புப் போகவேண்டுமா? தலையில் சுமக்கவேண்டும். சுவரெழுப்பவும், பாதை செப்பனிடவும், உத்தியோகஸ்தர் பயணம் போனால் மூட்டை தூக்கவும் அவர்களே. கருப்புக்கட்டியும் விறகும் கொடுக்கவேண்டியவர்களும் அவர்களே.

இவ்வளவும் போதாதென்று வரி வேறு. தலைக்கு வரி, பனைக்கு வரி, பனையேறியின் ஏணிக்கும், காலில் மாட்டும் தளைநாருக்கும் கூடக் காணம் என்ற பெயரால் வரி. வைகறையில் எழுந்து நாற்பது ஐம்பது பனை ஏறி அக்கானி இறக்கினால்தான் பனையேறியின் வீட்டில் அடுப்பெரியும். பருவ காலத்தில் பார்வத்தியக்காரரின் ஆள் வந்து ஊழியத்துக்கு அழைத்தால், அன்றைய பாளை சீவப்படாமல் கிடக்கும். அக்கானி புளித்துப் போகும். ஆகவே ஊழியக்காரன் இழந்தது ஒரு நாள் கூலி மாத்திரமன்று; தன் தொழிலின் பலனையும் சேர்த்தே இழந்தான்.

இக்கொடுமைக்குப் பொறுப்பாளி யார்? அன்னியன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுதல் நமக்கு எளிது. 1805-ம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் கும்பினிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டவேண்டியிருந்தது. அந்தப் பாரம் கடைசியில் ஏழையின் முதுகில் இறங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊழியத்தைக் கும்பினியார் இங்கு கொண்டுவரவில்லை. அது நம் நாட்டு மன்னராட்சியின் சொந்தச் சரக்கு. நம்மவர் செய்த அநீதியை நம்மவரே என்பதற்காக நியாயப்படுத்துவது தேசபக்தி ஆகாது.

ராஜ்யாதிகாரிகள் இதைச் சிறிதும் உணரவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்துக்கு ஒரு தடை விதித்தார். ஆனால் வயலோடு சேர்ந்த அடிமைகளுக்கு அத்தடை பயன்படவில்லை. ரெஸிடெண்டு மன்றோவின் முயற்சியால் 1815-ல் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. 1829-ல் ராணி பார்வதிபாய் வெளியிட்ட விளம்பரமோ, ஞாயிறு நீங்கலாக மற்ற நாட்களில் ஊழியம் வழக்கம்போல் செய்யப்படவேண்டும் என்றே வற்புறுத்தியது.

இந்த விளம்பரங்களின் போக்கை நேயர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். ஊழியம் அநீதி என்று எங்கும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. இன்னார்க்கு விலக்கு, இன்ன கிழமையில் விலக்கு என்பதே அவற்றின் சாரம். விலக்குப் பெற்றவன் சற்று மூச்சு விடுவான். அவன் விட்ட சுமை அடுத்தவன் தலையில் ஏறும். ஒரு கொடுமையை நிலைநிறுத்த விரும்புகிறவன் முதலில் செய்வது சிலருக்கு விலக்குக் கொடுப்பதுதான். இதனை அறிந்து, விலக்கு வேண்டாம், விதியே மாறவேண்டும் என்று நின்றதே வைகுண்டரின் சிறப்பு.

முத்துக்குட்டி இளமையில் பனையேறியும் வயலில் உழைத்தும் பிழைத்தார். இருபத்து நான்காம் வயதளவில் கடும் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1833-ம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி மாதத்தில், தாய் வெயிலாளும் உறவினரும் அவரைத் தொட்டிலில் சுமந்து திருச்செந்தூருக்குக் கொண்டுசென்றனர். அங்கே அவர் கடலில் இறங்கி மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்றும் அன்பர்கள் நம்புகின்றனர். பெற்ற தாயிடமே, பழைய மகன் இனி இல்லை என்று அவர் உணர்த்தியதாகக் கதை. நம்பிக்கையை விட்டுச் சரித்திரத்தை மட்டும் பார்க்கிறவர்களும் ஒன்றை மறுக்க முடியாது. நோயாளியாகப் போனவர் திரும்பி வந்தபோது, எவருக்கும் அஞ்சாத மனிதராக வந்தார்.

பூவண்டன்தோப்பில் அவர் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். குழியில் இருந்து செய்த தவத்தைப் பற்றிக் கேள்வியுற்ற ஜனங்கள் திரள்திரளாக வந்தனர். நோய் தீர வந்தவர்களுக்கு அவர் தண்ணீரும் மண்ணும் கொடுத்தார். கூடவே புத்தியும் கொடுத்தார். பேய்க்குப் பலியிடாதீர்கள், காணிக்கை கொண்டுவராதீர்கள், ஒருவனைக் கண்டு ஒருவன் ஒதுங்காதீர்கள், உழைப்புக்குக் கூலி வாங்காமல் உழைக்காதீர்கள் என்பதே அவர் போதனையின் திரண்ட பொருள். தாழ்ந்து கிடப்பவனைத் தூக்கிவிடுதலினும் மேலான தர்மம் அவர் சமயத்தில் இல்லை.

அவரைச் சுற்றி நின்றவர்கள் கோடீசுவரர்களோ படைத்தலைவர்களோ அல்லர். பகல் முழுதும் மரமேறி மாலையில் வந்தவர்கள். வயல்வேலையும் சுமைவேலையும் முடித்து வந்தவர்கள். அவர்களை வேல் எடுக்கச் சொல்லவில்லை. பாகை கட்டச் சொன்னார். கூலியின்றிச் சுமந்து பழகிய தலையில் பாகை ஏறினால், அந்தத் தலை மறுபடி எளிதில் குனியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆட்சியைத் தாங்கி நின்றது குனிந்த தலைகளே. அவை நிமிர்ந்தால் ஆட்சிக்கு என்ன ஆகும் என்பதை மேல்சாதியாரும் உத்தியோகஸ்தரும் உடனே உணர்ந்தனர்.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். சங்கீத உலகம் அவரை என்றும் மறவாது; அவருடைய கீர்த்தனங்களை இன்றும் நாம் விரும்பிக் கேட்கிறோம். ஆனால் இசையில் மென்மையும் ஆட்சியில் வன்மையும் ஒரே மனிதரிடத்தில் குடியிருக்கக் கூடும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. மன்னர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது வைகுண்டர்மீது புகார் சென்றது. தாழ்ந்த குலத்தான் ஒருவன் தன்னைத் தெய்வமென்கிறான், சாதி வரம்பைக் குலைக்கிறான், ஜனங்களைக் கூட்டுகிறான் என்பது குற்றச்சாட்டு. பூவண்டன் என்ற இடையர் குலத்தவர் ஒருவர் மாத்திரம், இறைவன் எந்தக் குலத்திலும் தோன்றக் கூடும், ஆராயாமல் துன்புறுத்தலாகாது என்று மன்னருக்கு எடுத்துரைத்ததாக அகிலத்திரட்டு கூறுகிறது. அதிகாரத்தின் செவிக்கு அது ஏறவில்லை.

1838-ல் சேவகர்கள் சாமித்தோப்புக்கு வந்து வைகுண்டரைப் பிடித்தனர். சுற்றிலும் நின்ற அன்பர்கள் எதிர்த்துப் போராடத் துடித்தனர். அவர் தடுத்தார். பொறுத்திருங்கள் என்று அவர்களை அடக்கிவிட்டுத் தாமே முன்வந்து கட்டுண்டார். அடித்தும் இழுத்தும் சுசீந்திரம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு நடத்திச் சென்றனர். வலிமையின்மையால் வந்த பொறுமை வேறு. அறத்தின்மீது உள்ள உறுதியால் வரும் பொறுமை வேறு. காந்தியடிகள் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு குலத்தில், தென்கோடியில், இந்தப் பொறுமை தோன்றிவிட்டது என்பதைத் தேசிய இயக்கத்தின் சரித்திரம் எழுதுவோர் ஏனோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அவர் 110 நாட்கள் சிறையிருந்தார். நஞ்சு கலந்த பால் கொடுக்கப்பட்டது, சுண்ணாம்புக் காளவாயில் இடப்பட்டார், பசித்த புலியின் கூண்டருகே நிறுத்தப்பட்டார் என்று அகிலத்திரட்டு அச்சிறைவாசத்தை விவரிக்கிறது. புலி அவரைத் தீண்டவில்லை என்பது அன்பர்களின் நம்பிக்கை.

புலியைவிடக் கொடிய சோதனை ஒன்று அதற்குப் பின் வந்தது. விடுதலை தருகிறோம், இனித் தன் குலத்தாரை மாத்திரம் கூட்டிக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று சர்க்கார் நிபந்தனை விதித்தது. நேயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சிறையில் வாடுகிறவர், வெளியே தாயும் அன்பர்களும் காத்திருக்கின்றனர். தன் குலத்துக்குத் தொண்டு செய்யத் தடையும் இல்லை. சாமானியத் தலைவர் ஒருவர் அதைப் பெரிய வெற்றி என்றே கொண்டிருப்பார். வைகுண்டரோ அந்த ஓலையைக் கிழித்தெறிந்தார் என்கிறது அகிலம். பதினெட்டுச் சாதிக்கும் பொதுவானதை ஒரு சாதிக்கு எழுதிக்கொடுக்க அவர் இணங்கவில்லை. 1815-ம் ஆண்டு விலக்கின் தந்திரமே வேறு உருவில் அவர்முன் வந்து நின்றது. அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். கொல்லம் 1014 மாசியில், அதாவது 1839-ல், நிபந்தனை இன்றியே அவர் விடுதலையானார்.

மீண்டு வந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஓயாது உழைத்தார். கன்னியாகுமரிக்கு அருகில் வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசு இருக்கச் செய்தார். அவர்கள் நாள்தோறும் மூன்று வேளை கடலில் நீராடி, துணி துவைத்து, ஒரு வேளை மாத்திரம் உண்டு, மீனும் ஊனும் நீக்கி வாழ்ந்தனர். அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எவருக்கும் குறையாத தூய்மையை வாழ்ந்து காட்டினர். சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே நீரைப் பயன்படுத்தச் செய்தார். பக்கத்தில் அமர்ந்து உண்ணச் செய்தார். ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் எழுந்தன. சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்து, வழிபட வருகிறவன் தன்னையே காணுமாறு அமைத்தார். சீடர் ஐவரில் ஒருவரான அரிகோபாலன் கொல்லம் 1016-ல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார் என்பது வழக்கு. அந்நூல் அச்சேறியது 1939-ல்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓலையிலும் வாய்மொழியிலும் அது ஏழைகளின் வழக்குரையாக வாழ்ந்தது.

1851-ம் ஆண்டு, கொல்லம் 1026 வைகாசி 21-ந் தேதி, வைகுண்டர் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அடிமைத்தனத்தை ஒழித்த 1855-ம் ஆண்டு விளம்பரத்தையும், பெண்கள் மேலாடை அணியும் உரிமையைத் தந்த 1859-ம் ஆண்டு விளம்பரத்தையும் அவர் காணவில்லை. ஊழியமோ ஒரே நாளில் ஒழியவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் படிப்படியாகவே தேய்ந்தது. இவற்றுக்கெல்லாம் அவர் ஒருவரே காரணர் என்று நாம் சொல்லவில்லை. மிஷனரிமாரின் முயற்சி, சென்னைக் கவர்னரின் வற்புறுத்தல், தெருவில் அடிபட்ட பெண்களின் துணிவு ஆகிய யாவும் சேர்ந்தன. ஆனால் கேட்டு வாங்கும் சலுகையாக இல்லாமல், மறுக்க முடியாத உரிமையாக இதை முதலில் நாட்டியவர்களில் அவர் முன்னணியில் நிற்கிறார்.

இனி, இன்றைய வழக்குக்கு வருவோம். 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 23-வது விதி மனித வியாபாரத்தையும் வெட்டியையும் கட்டாய வேலையையும் தடுக்கிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழகத்தோடு இணைந்த நாஞ்சில் நாட்டில் இப்போது மன்னர் இல்லை, பார்வத்தியக்காரரும் இல்லை. அப்படியானால் ஊழியம் முற்றும் போயிற்றா?

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறோம். 1982-ம் ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பாலங்களும் அரங்குகளும் கட்டப்பட்டன. வேலை சர்க்காரைச் சேர்ந்தது, செய்தவர்கள் கண்டிராக்டர்கள், ஆட்களைப் பல மாகாணங்களிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஜமேதார்கள். சட்டப்படி குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் 1 ரூபாயை ஜமேதார் தம் தரகாகப் பிடித்துக்கொள்ள, தொழிலாளி கையில் 8 ரூபாய் 25 காசுதான் சேர்ந்தது. இவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர், கண்டிராக்டரின் ஆட்கள் என்பதே சர்க்கார் தரப்பின் வாதம். சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் விதித்த கூலிக்குக் குறைந்து ஒருவன் உழைப்பதற்குப் பசியே காரணமாயிருக்கும், பசியின் கட்டாயமும் கட்டாயமே, ஆகவே அது 23-வது விதி தடுக்கும் கட்டாய வேலையே என்று தீர்ப்பளித்தது. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டதால் சர்க்காரின் பொறுப்பு நீங்கிவிடாது என்பதும் அதில் உறுதியாயிற்று. மறு ஆண்டே ராஜஸ்தானத்துப் பஞ்ச நிவாரண வேலையைப் பற்றிய வழக்கிலும் அதே தத்துவம் நிலைநாட்டப்பட்டது. பஞ்சத்தில் வேலை கொடுத்தது தயவு என்று சொல்லிக் கூலியைக் குறைக்கச் சர்க்காருக்கு உரிமையில்லை.

அக்காலத்தில் மன்னர் நேராக ஊழியம் வாங்கினார். பழி அவர்மீது நின்றது. இன்று நடுவே கண்டிராக்டர், அவருக்குக் கீழ் உள்கண்டிராக்டர், அவருக்குக் கீழ் ஆள்பிடிக்கும் தரகர் என்று படிகள் பல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் முன்பணத்தில் கட்டுண்டு வருகிறவனுக்குத் தன் எஜமானர் யாரென்றே தெரிவதில்லை. அவன் போடுவது நம் பாதை; கட்டுவது நம் பள்ளிக்கூடம், நம் ஆஸ்பத்திரி. அவனுக்குக் கூலி குறைந்தால் அந்தக் குறை நம் பெயரால் நிகழ்ந்த குறையே.

பரிகாரம் மந்திரத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. டெண்டரில் மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற வழக்கம் உள்ளவரை, அந்தத் தொகைக்குள் ஆட்களின் சட்டப்படியான கூலி அடங்குமா என்று பார்க்கும் கடமையும் உத்தியோகஸ்தருக்கு உண்டு. அடங்காதென்று தெரிந்தும் கையொப்பமிடுகிறவர், அறிந்தோ அறியாமலோ, பழைய பார்வத்தியக்காரரின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். கண்டிராக்டர் கூலி கொடாவிடில் வேலைக்குச் சொந்தக்காரரே கொடுத்துப் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ம் ஆண்டுச் சட்டம் முதலே உள்ள விதி. பின்வந்த தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. 1976-ம் ஆண்டுச் சட்டமோ கொத்தடிமைக் கடனையே செல்லாததாக்கிவிட்டது. ஆதலால் நமக்குச் சட்டம் இல்லை என்ற குறை பெரிதன்று. கூலி கொடுக்கும் நாளில் வேலைத்தலத்தில் நின்று, கடைசி ஆளின் கையில் என்ன விழுகிறது என்று பார்க்கும் கண் இல்லை என்பதே குறை.

அந்தக் கண்ணாக இருக்கவேண்டியவர்கள் பொதுவாழ்வில் ஈடுபட்ட நம் நேயர்களே. ஊருக்குப் பாதை வந்தது, பாலம் வந்தது என்று மாலை போடும் கூட்டங்கள் பல நடக்கின்றன. மாலை போடுமுன், அங்கே மண் சுமந்தவன் எந்த ஊரான், என்ன கூலி பெற்றான், அவன் பட்ட முன்கடன் எவ்வளவு என்று ஒருவர் கேட்கட்டும். அவன் நம் மொழி பேசாதவன், நம் சாதியல்லாதவன், நம் வோட்டரல்லாதவன் என்பது விடையானால், அன்று சிங்காரத்தோப்பில் நீட்டப்பட்ட ஓலையில் நாம் கையொப்பமிட்டவர்களாவோம்.

மாசி 20-ந் தேதி மாவட்டத்துக்கே விடுமுறை. கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் அன்று மூடியிருக்கும். மூடாமல் வேலை நடக்கும் சர்க்கார்க் கட்டடம் ஏதேனும் கண்ணில் பட்டால், அங்கே சென்று அன்றைய கூலியை விசாரிப்போம். வைகுண்டரின் திருநாளை அதைவிட நன்றாக நாம் கொண்டாட முடியாது.